வெப்கேமைக் கடைசியில் வாங்குங்கள்: வீட்டுக் காணொளி அழைப்புகள் பற்றிய கேள்வி பதில்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், இணையவழி வகுப்பு எடுப்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேசுபவர்கள் எனப் பலரும் அனுப்பிய கேள்விகளில், ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு இங்கே பதில் எழுதுகிறேன். எந்த மாடலை வாங்கலாம் என்றுதான் பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். நான் பல பதில்களில் விளக்கையும் மேசையையும் பற்றியே பேசுவதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளவும். வீடுவீடாகச் சென்று இவற்றைச் சரிசெய்து பார்த்ததில், குறை பெரும்பாலும் அங்கேதான் இருந்தது.

கேள்வி (திருச்சி, வீட்டிலிருந்து பணிபுரிபவர்): லேப்டாப்பில் உள்ள கேமராவில் என் முகம் மங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் தெரிகிறது. 5,000 ரூபாய்க்குள் நல்ல வெப்கேம் ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்: சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். காலை பத்து மணிக்கு, அதே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தவாறு உட்கார்ந்து ஓர் அழைப்பு பேசுங்கள். முகம் தெளிவாகத் தெரிந்தால் உங்கள் கேமராவில் பெரிய குறை எதுவும் இல்லை. நீங்கள் வழக்கமாக உட்காரும் அறையில்தான் வெளிச்சம் போதவில்லை.

வெப்கேமில் ஒளியைப் பதிவுசெய்யும் உணரி (சென்சார்) மிகச் சிறியது. வெளிச்சம் குறையும்போது அது இரண்டு வழிகளில் சமாளிக்கிறது. கிடைத்த மெல்லிய சைகையை (சிக்னலை) மின்னணு முறையில் பெருக்குகிறது. அப்போது சைகையோடு சேர்ந்து இரைச்சலும் பெருகுவதால் புள்ளிகள் தோன்றுகின்றன. அல்லது ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 30 படம் எடுக்க வேண்டுமானால் ஒரு படத்துக்கு 1/30 நொடிக்கு மேல் செலவிட முடியாது, அது 1/15 நொடியாக நீளும்போது படங்களின் எண்ணிக்கை 15 ஆகக் குறைந்து, கையை அசைத்தால் இழுத்துக்கொண்டு போவதுபோல் தெரிகிறது. விலை உயர்ந்த கேமராவும் இதையேதான் செய்யும், சற்றுக் குறைவாகச் செய்யும், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் டியூப்லைட் பெரும்பாலும் தலைக்கு மேலேயோ முதுகுக்குப் பின்னாலோ இருப்பதால் கண்குழிகளில் நிழல் விழுகிறது. ஒரு மேசை விளக்கை உங்கள் முகத்துக்கு நேராக அல்லாமல், எதிரே உள்ள வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள். சுவரே பெரிய விளக்காகிவிடும், கண்ணும் கூசாது. மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இது இன்னும் நல்லது, ஏனெனில் வட்ட விளக்கை நேரெதிரே வைத்தால் இரு கண்ணாடிகளிலும் வெள்ளை வளையம் தெரியும்.

அதன் பிறகும் வாங்க வேண்டும் என்று தோன்றினால் 1080பி தெளிவும் தானியங்கிக் குவியமும் (ஆட்டோஃபோகஸ்) உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 2012இல் வந்த லாஜிடெக் சி920 இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல். அதன் பார்வைக் கோணம் 78 பாகை. அதே நிறுவனத்தின் சி270 மாடல் 720பி தெளிவும் 55 பாகைக் கோணமும் கொண்டது, குவியம் நிலையானது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து பேச அதுவே போதும், பின்னாலிருக்கும் துணிக்கொடியும் படத்துக்குள் வராது.

கேள்வி (மதுரை): இணையத்தில் ஒரு வெப்கேமின் பெட்டியில் ‘25 மெகாபிக்சல்’ என்று போட்டிருக்கிறது, விலையோ மிகக் குறைவு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 1080பி படம் என்பது 1920ஐ 1080ஆல் பெருக்கினால் வரும் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள், அதாவது 2 மெகாபிக்சல். 720பி என்றால் ஒரு மெகாபிக்சல்கூட முழுதாக இல்லை. இல்லாத புள்ளிகளை மென்பொருள் இடையிடையே நிரப்பி எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதுதான் அந்த 25. காணொளியின் தெளிவு எவ்வளவு, நொடிக்கு எத்தனை படம் என்ற இரண்டும் பெட்டியில் இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மகள் குடும்பம் கனடாவில் இருக்கிறது. பேரனைத் தெளிவாகப் பார்க்க 4கே கேமரா வாங்கலாமா?

பதில்: ஐயா, உங்கள் கேமரா உங்கள் முகத்தைத்தான் அங்கே அனுப்புகிறது. பேரன் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் கேமராவை மகள்தான் மாற்ற வேண்டும். அவருக்கும் 4கே தேவையில்லை; காணொளி அழைப்புச் செயலிகள் அழைப்பின்போது படத்தை 720பி அளவுக்கோ அதற்கும் கீழோ சுருக்கிவிடுவது வழக்கம். ஜூம் செயலியில் 720பி படத்துக்கே பதிவேற்றத்திலும் பதிவிறக்கத்திலும் நொடிக்கு ஏறக்குறைய 1.2 மெகாபிட் வேகம் வேண்டும். இணைப்பைச் சோதிக்கும்போது பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காமல் பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள். வைஃபை பெட்டி கூடத்தில், கணினி மாடியில் என்றால் 4கே கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பகுதியைக் கொண்டு ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடலாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வெப்கேமில், இரவில் மட்டும் படத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் மெதுவாக நகர்கின்றன. பகலில் அப்படி இல்லை. கேமரா பழுதா?

பதில்: பழுதில்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனெனில் ஒரு காசும் செலவில்லாமல் சரியாகிவிடும்.

அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி கொண்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் 50. பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகள் சிலவும் ஒவ்வொரு சுழற்சிக்கும் இருமுறை, அதாவது இங்கே நொடிக்கு 100 முறை, மங்கி எரிகின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது. கேமராவோ படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. 60 சுழற்சிக்கு ஏற்ப அமைந்த கேமரா ஒவ்வொரு வரிக்கும் 1/30 நொடி ஒளியை வாங்கினால், அதற்குள் நம் விளக்கு மூன்று முறை முழுதாகவும் நான்காவது முறை அரைகுறையாகவும் மினுங்கி முடிகிறது. அந்த அரைகுறைப் பங்கு வரிக்கு வரி மாறுவதால்தான் பட்டை விழுகிறது. கேமரா அமைப்புகளில் ‘பவர் லைன் ஃப்ரீக்வென்சி’ அல்லது ‘ஆன்டி ஃப்ளிக்கர்’ என்றிருக்கும் இடத்தில் 60ஐ 50 என மாற்றுங்கள். பகலில் சூரியன் மினுங்குவதில்லை என்பதால் அப்போது பட்டை இல்லை.

கேள்வி (சென்னை, வீணை ஆசிரியை): ஸ்கைப்பில் பல ஆண்டுகள் வகுப்பு எடுத்தேன். அது 2025 மே மாதம் நிறுத்தப்பட்ட பின் ஜூமுக்கு மாறினேன். சுருதிப்பெட்டியின் ஒலி மாணவிகளுக்குக் கேட்பதே இல்லை என்கிறார்கள். கமகம் பிடிக்கும் விரலும் தெளிவாகத் தெரியவில்லையாம். நல்ல கேமரா வாங்கினால் தீருமா?

பதில்: அம்மா, இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

ஒலியை முதலில் பார்ப்போம். இரைச்சலை நீக்கும் மென்பொருள், மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவோ அதையே இரைச்சல் என்று கொள்கிறது. மின்விசிறியின் ஓசையும் அப்படித்தான் இருக்கிறது, சுருதியும் அப்படித்தான் இருக்கிறது; இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியாது. ஆகவே சுருதியை விழுங்கிவிட்டு, வீணை நாதத்தின் கார்வையையும் நடுவிலேயே வெட்டிவிடுகிறது. ஜூமின் ஒலி அமைப்புகளில் இசைக் கலைஞர்களுக்கான ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கி, அழைப்பின்போது திரையின் மேல் மூலையில் அது இயங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரொலி நீக்கத்தையும் நிறுத்தினால் நாதம் இன்னும் இயல்பாகப் போகும், ஆனால் நீங்கள் ஹெட்ஃபோன் அணிந்தாக வேண்டும். இந்த வசதிகள் இயங்கும்போது மின்விசிறியின் ஓசையும் முழுதாகப் போய்ச் சேரும் என்பதால் வகுப்பு நேரத்தில் விசிறியை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. சென்னையில் மே மாதத்தில் இதைச் சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது.

விரலைப் பொறுத்தவரை, தந்தியை மெட்டின் (தண்டியில் வரிசையாகப் பதித்த உலோகக் கட்டையின்) மேல் பக்கவாட்டில் இழுக்கும் அசைவு சிறியது, வேகமானது. முதல் பதிலில் சொன்னதுபோல் வெளிச்சம் குறைந்து படம் நொடிக்கு 15 ஆகிவிட்டால் மாணவிக்கு இழுப்பின் தொடக்கமும் முடிவும் தெரியும், இடையில் நடந்தது தெரியாது. கமகம் என்பதே அந்த இடையில் நடப்பதுதானே. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் இதே குறையைப் பார்க்கப் போனபோது, கேமராவைத் தொடாமல், வீணையின் தண்டிக்கு மேலே சுவரில் ஒரு எல்இடி விளக்கு பொருத்தினோம். மாணவியிடமிருந்து வந்த முதல் சொல் ‘இப்போது நகம்கூடத் தெரிகிறது’ என்பதுதான். இடது கைக்காக இன்னொரு பார்வை வேண்டுமானால், உங்கள் பழைய கைபேசியை ஒரு தாங்கியில் சாய்த்து 24 மெட்டுகளும் தெரியும்படி நிறுத்தி, அதையும் இன்னொரு பங்கேற்பாளராக அதே வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அதன் மைக்கும் ஒலிபெருக்கியும் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊளையிடும்.

கேள்வி (சேலம்): வங்கியின் காணொளி கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) அழைப்பில் பான் அட்டையை எவ்வளவு பக்கத்தில் காட்டினாலும் எழுத்து தெரியவில்லை என்று இருமுறை நிராகரித்துவிட்டார்கள்.

பதில்: பக்கத்தில் காட்டியதுதான் தவறு. நிலையான குவியமுள்ள கேமரா, முகம் இருக்கும் தொலைவுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. அட்டையை ஒரு சாண் தொலைவுக்குக் கொண்டுபோனால் எழுத்துகள் கலைந்துவிடும். மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டே வாருங்கள், எங்கே எழுத்து கூர்மையாகிறதோ அங்கே நிறுத்துங்கள். உறையிலிருந்து எடுத்துவிட்டு, விளக்கு பளபளக்காதபடி மேல் விளிம்பைச் சற்று முன்னால் சாய்த்துப் பிடியுங்கள். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதித்த இந்த முறையில் நீங்கள் இருக்கும் இடத்தையும் பதிவுசெய்வார்கள் என்பதால், இடமறியும் வசதிக்கு அனுமதி கொடுக்க வேண்டும். இதற்கு மட்டும் லேப்டாப்பை விடக் கைபேசியின் பின்புறக் கேமராவே மேல்.

கேள்வி (பள்ளி ஆசிரியர், விழுப்புரம்): தாளில் எழுதிக் காட்டினால் எழுத்து இடம்வலமாகத் தெரிகிறது. மாணவர்களுக்கும் அப்படித்தானா?

பதில்: இல்லை. உங்களுக்கு மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் காட்டப்படுகிறது. அவர்களுக்கு நேராகவே தெரியும். உறுத்தினால் காணொளி அமைப்பில் ‘மிரர்’ என்பதை நீக்கிவிடலாம், ஆனால் தலையைச் சரிசெய்யும்போது கை எதிர்ப்பக்கம் போகும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): கேமரா கால் மணிக்கு ஒருமுறை அணைந்து மீண்டும் இணைகிறது.

பதில்: யுஎஸ்பி ஹப்பையும் நீட்டிப்பு வயரையும் எடுத்துவிட்டுக் கணினியில் நேராகச் செருகிப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் வரம்பு. அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். சுருக்கப்படாத 1080பி படத்துக்கோ அதைப்போல் இரு மடங்கு தேவை என்பதால், கேமரா உள்ளுக்குள்ளேயே சுருக்கித்தான் அனுப்புகிறது. அந்த நெரிசலான பாதையில் அதே ஹப்பில் பென்டிரைவும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தால் கேமரா திணறும்.

கேள்வி (பெங்களூரு): கைபேசியையே வெப்கேமாக்கலாமா? கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டலாமா?

பதில்: இரண்டுமே செய்யலாம். ஆப்பிள் 2022இல் ஐபோனை மேக்கின் கேமராவாக்கியது. ஆண்ட்ராய்டு 14இல் சில கைபேசிகளை யுஎஸ்பி வயரால் இணைத்தாலே கணினி அதை வெப்கேமாக எடுத்துக்கொள்கிறது. படம் பல வெப்கேம்களை வெல்லும். ஆனால் நீண்ட கூட்டத்தில் கைபேசி சூடாகும், நடுவில் அழைப்பும் வரும்.

ஸ்டிக்கர் ஒட்டுவதை மூடத்தனம் என்று சிலர் சிரிப்பதை நான் ஏற்பதில்லை. 2008க்கு முந்தைய மேக்புக்குகளில் பச்சை விளக்கு எரியாமலேயே கேமராவை இயக்கிக் காட்டினார்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2013இல். ஆனால் மேக்புக்கில் தடித்த மூடியை ஒட்டியபடி மடித்தால் திரை விரிசல் விடலாம் என்று ஆப்பிளே 2020இல் எச்சரித்தது, 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது. ஒரு துண்டுத் தாள் போதும். பசை கண்ணாடியில் படாமல் ஒட்டுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): ஊரில் இருக்கும் 78 வயது அம்மாவோடு பேசினால் நெற்றியும் சீலிங் ஃபேனும்தான் தெரிகின்றன. எத்தனை முறை சொன்னாலும் மாற்றிக்கொள்வதில்லை.

பதில்: அவர் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, மேசையை மாற்றுங்கள். லேப்டாப் தாழ்வாக இருப்பதால் திரையைப் பின்னால் சாய்த்தால்தான் அவருக்குப் படம் தெரிகிறது. சாய்த்ததும் கேமரா கூரையைப் பார்க்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரை வழக்கமான நாற்காலியில் உட்காரவைத்து, கேமரா அவர் கண் மட்டத்துக்கு வரும்வரை அடியில் ஒரு மரப்பலகையோ தடித்த பழைய புத்தகங்களோ அடுக்குங்கள். திரை நேராக நிமிர்ந்து நிற்கட்டும். நாற்காலியின் நான்கு கால்களும் தரையில் இருக்கும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள், கூட்டிப் பெருக்கிய பின் அதே இடத்தில் போட்டுவிடுவார்கள். கேமராவின் கண்ணாடியையும் ஒருமுறை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு வாருங்கள். மூடித் திறக்கும் விரல்களின் எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் படிந்திருக்கும்.