நன்றாகப் படித்தும் தேர்வு அறையில் எல்லாம் மறந்துபோவது ஏன்?

படித்தது எங்கும் போய்விடவில்லை. அதை எடுத்துத் தரும் வேலைதான் அந்த நேரத்தில் தடைபடுகிறது. பதற்றம் வந்த நொடிகளிலேயே அட்ரினலின் என்ற ஹார்மோன் பாய்ந்து நெஞ்சு படபடக்கும். மூளைக்குள் அதைப் போன்ற நார்அட்ரினலின் அளவு மீறினால், யோசித்து முடிவெடுக்கும் மூளையின் முன்பகுதி தடுமாறும். கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தும் மண்டையில் ஏறாதது இதனால்தான். அப்புறம் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன். இது மெதுவாக ஏறி, சுமார் 20 முதல் 30 நிமிடத்தில் உச்சம் தொடும். நினைவுகளைக் கையாளும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் இதற்கான ஏற்பிகள், அதாவது இது வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள், ஏராளம். அங்கே இது நினைவை எடுத்துத் தருவதைத் தடுப்பதால், தெரிந்த பதிலும் நாக்கு நுனியிலேயே நின்றுவிடும். ஆனால் அந்தப் பதற்றமான அனுபவம் மட்டும் ஆழமாகப் பதிந்துவிடும், அதுவும் இதே ஹார்மோன்களின் வேலைதான்.

ஒரு நாள் பதற்றத்துக்குப் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் கார்டிசால் உயர்ந்தே இருப்பதுதான் கவலைக்குரியது. உடலில் கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய் உள்ளவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுருங்குவதுண்டு; சிகிச்சையில் கார்டிசால் குறைந்ததும் அது ஓரளவு மீள்கிறது.