பின்னால் எழுதப்படும் கருதுகோள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா செடியின் வேர் வளர்ச்சியைத் தூண்டும் என்பது என் கருதுகோள். சோதனை முடிந்து பார்த்தபோது, பாக்டீரியா சேர்த்த செடிகளுக்கும் சேர்க்காத செடிகளுக்கும் வேரின் நீளத்தில் வேறுபாடு எதுவும் இல்லை. அளந்த இருபது பண்புகளில் இலையின் பச்சைய அளவு மட்டும் கூடியிருந்தது. புள்ளியியல் சோதனையிலும் அது தேறியது. பச்சையம் கூடும் என்பதுதான் தொடக்கத்திலிருந்தே கருதுகோள் என்பதுபோல முன்னுரையை மாற்றி எழுதும்படி எனக்குச் சொல்லப்படுகிறது. பள்ளியில் படித்த அறிவியல் முறை, ஆய்வேட்டை ஒழுங்காக அடுக்குவதற்கான சம்பிரதாயம் மட்டும்தானா? தரவு உண்மையாக இருக்கும்போது, கருதுகோள் முன்னால் வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், அவ்வாறே செய்திருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவை அதைப் பொறுத்தே இருக்கின்றன.

அந்தப் பாக்டீரியாவால் செடிக்கு எந்த விளைவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்நிலையிலும், 5 விழுக்காடு என்ற வழக்கமான வரம்பை வைத்து ஒரே ஒரு பண்பைச் சோதித்தால், வெறும் தற்செயலால் ‘வேறுபாடு உண்டு’ என்ற விடை வருவதற்கு இருபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒன்றையொன்று சாராத இருபது பண்புகளைச் சோதித்தால், அவற்றில் ஒன்றேனும் இப்படித் தேறிவிடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. செடியின் பண்புகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் உங்கள் சோதனையில் இந்த எண் குறையலாம். ஆனாலும் 5 விழுக்காட்டைவிட வெகுவாகக் கூடுதலாகவே இருக்கும். பச்சையம் கூடும் என்று முன்னதாகவே எழுதிவைத்து, அதை மட்டும் சோதித்து, அது கூடியிருந்தால் அந்த முடிவு வலுவான சான்று. இருபதில் ஒன்றாக அது தலைகாட்டியிருக்கிறது என்றால், இப்போதைக்கு அது ஆராயத்தக்க ஒரு குறிப்பு மட்டுமே. முன்னுரையை மாற்றி எழுதினால், மற்றப் பத்தொன்பது பண்புகளும் வாசிப்பவரின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தரவில் ஓர் இலக்கத்தைக்கூட மாற்றாமலேயே, அந்தத் தரவு எவ்வளவு நம்பத்தக்கது என்பதை நீங்கள் மாற்றிச் சொன்னவராகிவிடுவீர்கள்.

உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்ற பள்ளிப்பாட வரிசையின் மீது உங்களுக்கு ஐயம் வந்திருப்பதில் நியாயம் உண்டு. ஆய்வாளரின் மனம் அந்த வரிசையில் இயங்குவதில்லை. கருதுகோள் ஓர் உள்ளுணர்விலிருந்து வரலாம். 1928-இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்கு நேர்ந்ததுபோல, கெட்டுப்போன ஒரு வளர்ப்புத் தட்டிலிருந்தும் வரலாம். அது எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி அறிவியல் முறைக்குச் சொல்ல அதிகமில்லை. அம்முறையின் வேலை, கருதுகோள் பிறந்த பிறகே தொடங்குகிறது: நான் நினைப்பது தவறு என்றால் எதைக் காண்பேன் என்பதை, காண்பதற்கு முன்பே முடிவுசெய்துவிடுவது.

இது நேர்மையற்றவர்களைப் பிடிப்பதற்கான ஏற்பாடு என்று பலர் எண்ணுகிறார்கள். நேர்மையானவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படுகிறது. பிரான்சின் நான்சி நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ரெனே பிளாண்ட்லோ, மதிக்கத்தக்க ஆய்வுகளைச் செய்தவர். எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த 1903-இல், புதியதொரு கதிரைக் கண்டதாக அறிவித்து, தம் நகரின் முதலெழுத்தை வைத்து அதற்கு ‘என்-கதிர்’ என்று பெயரிட்டார். இருட்டறையில் ஒரு சிறு மின்பொறியோ ஒளிரும் திரையோ சற்றே கூடுதலாகப் பிரகாசிப்பதுதான் அதன் அடையாளம். அந்தப் பிரகாசத்தை வெறுங்கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். வேறு பல ஆய்வாளர்களும் தாங்கள் அதைக் கண்டதாக எழுதினார்கள். 1904-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அந்த ஆய்வகத்துக்குச் சென்றார். அலுமினிய முப்பட்டகம் ஒன்று அக்கதிர்களைப் பிரித்துக் காட்டுவதாகவும், அவை விழும் இடங்களைத் துல்லியமாக அளக்க முடிவதாகவும் அவருக்குச் செய்துகாட்டப்பட்டது. அறை இருண்டிருந்தபோது வுட் அந்த முப்பட்டகத்தை ஓசையின்றி எடுத்துவிட்டார். அளவீடுகள் முன்புபோலவே வந்துகொண்டிருந்தன.

இந்நிகழ்ச்சியைப் பிளாண்ட்லோவின் ஏமாளித்தனம் என்று கடந்துபோகிறவர்கள், தேர்ந்த ஒரு விஞ்ஞானியின் கண்ணே அவர் எதிர்பார்த்ததை அவருக்குக் காட்டியது என்பதைத் தவறவிடுகிறார்கள். முப்பட்டகம் இருக்கிறதா இல்லையா என்பது அளப்பவருக்குத் தெரியாதபடி முன்பே ஏற்பாடு செய்திருந்தால், நான்சியிலேயே ஒரு மாலைப்பொழுதில் இந்த விவகாரம் முடிந்திருக்கும்.

‘அப்படியானால் எதிர்பார்த்தது நடக்காதபோதெல்லாம் கருதுகோளைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா?’ என்று நீங்கள் கேட்கக்கூடும். அவ்வளவு எளிதல்ல. யுரேனஸ் கோள் நியூட்டனின் விதிப்படி செல்லவேண்டிய பாதையில் செல்லவில்லை என்று தெரிந்தபோது, பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே நியூட்டனைக் கைவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்று கொண்டு, அது இருக்கவேண்டிய இடத்தைக் கணக்கிட்டுச் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் யோஹான் காலே அந்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூனைக் கண்டார். அதே லெ வெரியே, புதன் கோளின் பாதையில் இருந்த சிறு பிசகை விளக்க, 1859-இல் சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்கவேண்டும் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்துப் பலர் தேடினார்கள். அப்படியொரு கோள் இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) என்ற அந்தப் பிசகுக்கு 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்தான் விடை சொன்னது.

லெ வெரியே இரண்டு முறையும் தம் கோட்பாட்டுக்கு முட்டுக்கொடுத்தார். ஆனால் எங்கே தேட வேண்டும் என்று, தேடுவதற்கு முன்பே சொல்லி, தாம் தோற்பதற்கும் இடம் வைத்தார். அதனால்தான் முதலாவது வெற்றி என்றும் இரண்டாவது தோல்வி என்றும் நம்மால் பிரித்தறிய முடிகிறது. பச்சையம் பற்றிய உங்கள் புதிய கருதுகோளோ, அது பிறந்த அதே தரவைக் கொண்டே மெய்ப்பிக்கப்படப் போகிறது. அது தோற்பதற்கு வழியே இல்லை.

எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பதும் உங்களிடம் சொல்லப்பட்டிருக்கக்கூடும். அப்படி எழுதுவதன் விலை என்ன என்பதை உளவியல் துறை பட்டு அறிந்தது. வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்துபார்த்து 2015-இல் ஒரு பெரிய குழு அறிவித்த முடிவின்படி, மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல்படித் தேறியவை. மறுசோதனையில் தேறியவை 36 விழுக்காடு மட்டுமே. இதற்குப் பல காரணங்கள் உண்டு. பின்னால் எழுதப்பட்ட கருதுகோள் அவற்றுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. இதற்கான மாற்று ஏற்பாடுகளும் வந்துவிட்டன. 2013 முதல் ‘கார்டெக்ஸ்’ என்ற ஆய்விதழ், தரவு திரட்டப்படுவதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தை மதிப்பீட்டுக்கு உட்படுத்தி, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவதாக ஏற்கும் வழக்கத்தைத் தொடங்கியது. பின்னர் வேறு பல இதழ்களும் அதைப் பின்பற்றின.

உங்கள் ஆய்வேட்டில் வேரின் நீளத்தில் வேறுபாடு இல்லை என்பதையே முதன்மை முடிவாக எழுதுங்கள். எத்தனை செடிகள், எவ்வளவு வேறுபாடு இருந்திருந்தால் இந்தச் சோதனையில் அது புலப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்தால், அதே பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளும் அடுத்த ஆய்வாளருக்கு அது உதவும். இருபது பண்புகளையும் ஒரே அட்டவணையில் கொடுங்கள். பச்சையத்தை, எதிர்பாராமல் கண்ணில் பட்டது என்ற சொற்களோடு விவாதப் பகுதியில் வையுங்கள். உங்கள் நெறியாளரிடம் அந்த 64 விழுக்காட்டுக் கணக்கை எடுத்துக்காட்டிப் பேசுங்கள். இத்தகைய அறிவுரைகள் பெரும்பாலும் துறைப் பழக்கத்திலிருந்து வருபவை, கணக்கைக் கண்டால் மனம் மாறுபவர்கள் உண்டு. காலம் இருக்குமானால் புதிய விதைகளை இட்டு, பச்சையத்தை மட்டும் மீண்டும் சோதியுங்கள். எத்தனை செடிகள், எந்த நாளில் அளப்பது, எந்தக் கணக்கீட்டு முறை என்பவற்றை விதைப்பதற்கு முன்பே தேதியிட்டு எழுதிவையுங்கள். தொட்டிகளுக்கு எண் மட்டும் இட்டு, எதில் பாக்டீரியா சேர்க்கப்பட்டது என்ற பட்டியலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அளவெடுத்து முடித்த பிறகே அதைத் திரும்பப் பெறுங்கள்.