ஒரே பானையில், தயாராக விற்கும் மால்ட் சாறு (முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டிலிருந்து எடுத்த செறிவு) இல்லாமல் முழுத் தானியத்திலிருந்து பீர் காய்ச்ச முடியுமா?

தாராளமாக முடியும். ஆஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சல்காரர்கள் பரப்பிய பை முறைதான் இதற்கு எளிய வழி. தனி வடிபாத்திரம் வேண்டாம். 20 லிட்டர் பானை, அதில் அடங்கும் வலைத்துணிப் பை, நல்ல வெப்பமானி போதும்.

முதல் முறை 10 லிட்டர் பீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுமார் 15.5 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, உடைத்த பார்லி மால்ட் 2.3 கிலோவைப் பைக்குள் கொட்டிக் கட்டியில்லாமல் கிளறினால் வெப்பம் 67 டிகிரி அளவுக்கு இறங்கும். அந்த வெப்பத்தில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள்; இந்த ஒரு மணி நேரம்தான் உயிர்நாடி. மால்ட்டிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது இப்போதுதான். 64-65 டிகிரி என்றால் பீர் மெலிதாக, இனிப்பு குறைந்து வரும். 69 என்றால் கனமாகவும் சற்று இனிப்பாகவும் இருக்கும். 75-ஐத் தாண்டினால் நொதிகள் விரைவாகச் செயலிழக்கும். அடுப்பை அணைத்துப் பானையைக் கம்பளியால் சுற்றிவிடுங்கள். பை அடியில் படிந்திருக்கும்போது அடுப்பைப் பற்றவைத்தால் துணி கருகிவிடும்.

பிறகு பையைத் தூக்கி, நன்றாகவே பிழியலாம், தயங்க வேண்டாம். அதே பானையில் ஒரு மணி நேரம் கொதி. கசப்புக்கான ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடியின் பூ) தொடக்கத்தில், மணத்துக்கானது கடைசியில். 20 டிகிரிக்கு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்துவிடுங்கள். கொதித்த பின் தொடும் ஒவ்வொரு பொருளையும் கிருமிநீக்கம் செய்வதில் மட்டும் சலுகையே கூடாது.

கடையிலேயே மால்ட்டை உடைத்துத் தரச் சொல்லுங்கள். உடையாத மணி சர்க்கரை தராது.