பெண்கள் கோல்ஃபில் மேஜர் போட்டிகள் எவை, அவற்றின் பரிசுத்தொகை எப்படி வளர்ந்தது, ஆண்களுக்குச் சமமாக வருமா?

முதல் கேள்விக்கு ஒரு பத்தி போதும். ஆண்டின் மிக முக்கியமான போட்டிகளை மேஜர் என்பார்கள். இன்று ஐந்து போட்டிகள் மேஜர். ஏப்ரலில் செவ்ரான் சாம்பியன்ஷிப், மே கடைசியில் அல்லது ஜூனில் யூ.எஸ். விமன்ஸ் ஓப்பன், ஜூனில் கே.பி.எம்.ஜி. விமன்ஸ் பி.ஜி.ஏ., ஜூலையில் பிரான்சில் எவியான், அதன் பின் பிரிட்டனில் ஏ.ஐ.ஜி. விமன்ஸ் ஓப்பன். 2025-இல் இவற்றின் மொத்தப் பரிசுத்தொகை இதே வரிசையில் 80 லட்சம், 1.2 கோடி, 1.2 கோடி, 80 லட்சம், 97.5 லட்சம் டாலர்.

ஆனால் இந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தால் குழம்பிப் போவீர்கள். ஆண்கள் கோல்ஃபில் நான்கு மேஜர் என்பது பல தலைமுறைகளாக அசையாத கணக்கு. பெண்களுக்கு அப்படி இல்லை. எது மேஜர் என்பது மாறிக்கொண்டே வந்திருக்கிறது, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் யாரோ பணம் கொடுத்ததோ, கொடுப்பதை நிறுத்தியதோ இருக்கிறது. ஆகவே உங்கள் முதல் இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பதில் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் இருந்தே இது தெரிகிறது. யூ.எஸ். விமன்ஸ் ஓப்பன் 1946-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் தொடங்கியது. அந்த ஊரின் ஒரு சங்கம், ஸ்லாட் மெஷின் சூதாட்டத்தில் வந்த வருமானத்தில் இருந்து பரிசு கொடுத்தது. அதுவும் ரொக்கமாக இல்லை, போர்க்காலக் கடன் பத்திரங்களாக. வென்ற பேட்டி பெர்குக்குக் கிடைத்தது 5,600 டாலர் பெறுமான பத்திரங்கள். போட்டி அடுத்த ஆண்டே ஊர் மாறியது, பரிசும் கிடுகிடுவென்று இறங்கிவிட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1954-இல், அதே பட்டத்தை பேப் டிட்ரிக்சன் ஜகாரியாஸ் வென்றபோது முதல் பரிசு 2,000 டாலர்தான். முந்தைய ஆண்டு குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கழிவை வெளியே சேகரிக்கும் பையை இடுப்பில் கட்டியபடி ஆடி, 12 ஸ்டிரோக் (பந்தை அடிக்கும் எண்ணிக்கை, குறைவாக அடிப்பவரே வெல்வார்) வித்தியாசத்தில் வென்றார். இரண்டே ஆண்டுகளில் நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

இடையில் 1950-இல் பதின்மூன்று பெண்கள் சேர்ந்து எல்.பி.ஜி.ஏ. என்ற தங்கள் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். பேப், பேட்டி பெர்க், லூயிஸ் சக்ஸ் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஊர் ஊராகக் காரோட்டிப் போவதும், மைதானத்தில் குழிகளின் இடத்தைத் தீர்மானிப்பதும், கணக்கு எழுதுவதும் வீராங்கனைகளே. அன்றைய மேஜர்கள் யூ.எஸ். ஓப்பன், வெஸ்டர்ன் ஓப்பன், டைட்டில்ஹோல்டர்ஸ் ஆகிய மூன்று. 1955-இல் எல்.பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் (இன்றைய விமன்ஸ் பி.ஜி.ஏ.) நான்காவதாகச் சேர்ந்தது. டைட்டில்ஹோல்டர்ஸ் பற்றி ஒரு வார்த்தை: ஆண்கள் மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா நேஷனலுக்குப் பக்கத்து மைதானமான அகஸ்டா கன்ட்ரி கிளப்பில் 1937 முதல் அது நடந்தது. மாஸ்டர்ஸ் அதைவிட மூன்று வயதுதான் மூத்தது. ஒன்று இன்று உலகத்தின் செல்லப்பிள்ளை, மற்றதன் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது.

அந்தக் காலத்துப் பரிசின் அளவு உண்மையில் எவ்வளவு சிறியது என்று உணர வேண்டுமானால் 1957 யூ.எஸ். ஓப்பனைப் பார்க்க வேண்டும். நியூயார்க் அருகே விங்டு ஃபுட் மைதானம். ஹவாயைச் சேர்ந்த ஜாக்கி பங், பெட்சி ராவ்ல்ஸை ஒரு ஸ்டிரோக்கில் முந்தி முதலிடத்தில் முடித்தார். கோல்ஃபில் உங்கள் ஸ்கோரை உங்களுடன் ஆடுபவர் எழுதுவார், நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் அவருடன் ஆடியவர் பெட்டி ஜேமிசன். நான்காவது குழியில் இருவருமே ஆறு ஸ்டிரோக் எடுத்திருந்தார்கள். இருவரும் மற்றவர் கார்டில் ஐந்து என்று எழுதிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பங்கின் கார்டில் அடியில் போட்டிருந்த மொத்தம் சரியாகவே இருந்தது. ஆனால் விதிப்படி ஆட்டக்காரர் பொறுப்பேற்பது ஒவ்வொரு குழியின் எண்ணுக்கு. மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது போட்டிக் குழுவின் வேலை. உண்மையான ஸ்கோரைவிடக் குறைவாக எழுதிய கார்டில் கையெழுத்திட்டால் தகுதி நீக்கம். கொண்டாட்டம் தொடங்கிய பிறகு வந்து சொன்னார்கள். பட்டம் ராவ்ல்ஸுக்குப் போனது, கூடவே 1,800 டாலர் பரிசும். மனம் பொறுக்காத கிளப் உறுப்பினர்களும் மற்றவர்களும் அங்கேயே பங்குக்காக வசூல் செய்தார்கள். சேர்ந்த தொகை முதல் பரிசைவிட அதிகம். நாட்டின் மிகப் பெரிய பெண்கள் போட்டியின் பரிசை ஒரு கிளப்பில் துண்டேந்தித் தாண்டிவிட முடிந்த காலம் அது.

அறுபதுகளின் முடிவில் நிலைமை இன்னும் மோசம். டைட்டில்ஹோல்டர்ஸ் 1966-உடன் நின்றது (1972-இல் ஒரே ஒரு முறை உயிர்பெற்று மறைந்தது). வெஸ்டர்ன் ஓப்பன் 1967-உடன் மேஜர் கணக்கில் இருந்து போனது. எழுபதுகளின் பெரும்பகுதியில் ஒரு வீராங்கனைக்கு ஆண்டுக்கு இரண்டே மேஜர் வாய்ப்பு. மேஜர் எண்ணிக்கையை வைத்து அந்தத் தலைமுறையை இன்றைய ஆட்டக்காரர்களுடன் ஒப்பிடும் பட்டியல்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஜோஆன் கார்னர் 43 போட்டிகளை வென்றவர், மேஜர் இரண்டுதான். ஜூடி ராங்கின் கதை அதைவிட அநியாயம். 26 வெற்றிகள், ஒரே பருவத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய முதல் பெண் (1976), மேஜர் பூஜ்யம். ஆனால் 1976-இல் அவர் வென்ற கோல்கேட் டைனா ஷோரும், 1977-இல் வென்ற பீட்டர் ஜாக்சன் கிளாசிக்கும் சில ஆண்டுகளிலேயே மேஜர்கள் ஆகிவிட்டன. பின்தேதியிட்டு அவருக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை.

அந்த இரண்டும் மேஜரான விதத்தைக் கவனியுங்கள். 1972-இல் கோல்கேட் நிறுவனம், பாடகியும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான டைனா ஷோரின் பெயரில் கலிஃபோர்னியாவின் மிஷன் ஹில்ஸில் ஒரு போட்டி தொடங்கியது. மொத்தப் பரிசு 1,10,000 டாலர், வென்ற ஜேன் பிளேலாக்குக்கு 20,000. அன்றைய யூ.எஸ். ஓப்பன் பரிசு அதன் பக்கத்தில்கூட நிற்காது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1983-இல், அது மேஜர் ஆனது. பிறகு நபிஸ்கோ, ஏ.என்.ஏ., இப்போது செவ்ரான் என்று ஸ்பான்சருக்கு ஏற்பப் பெயர் மாறியது. வென்றவர் பதினெட்டாம் குழி அருகே இருந்த குளத்தில் குதிப்பது அதன் அடையாளமாக இருந்தது. 1988-இல் ஏமி ஆல்காட் தொடங்கிவைத்த வழக்கம். 2023-இல் போட்டியே டெக்சாஸுக்குப் போய்விட்டது.

பீட்டர் ஜாக்சன் என்பது ஒரு சிகரெட். 1979-இல் மேஜர் ஆன அந்தக் கனடா போட்டி பிறகு டூ மொரியே என்ற இன்னொரு சிகரெட்டின் பெயரை எடுத்துக்கொண்டது. கனடா அரசு புகையிலை விளம்பரங்களுக்குச் சட்டப்படி கடிவாளம் போட்டதும் ஸ்பான்சர் விலக, 2000-உடன் மேஜர் தகுதியும் போனது. போட்டி வேறு பெயரில் இன்றும் நடக்கிறது. காலியான இடத்துக்கு 2001-இல் விமன்ஸ் பிரிட்டிஷ் ஓப்பன் (இன்றைய ஏ.ஐ.ஜி. விமன்ஸ் ஓப்பன்) வந்தது. இந்த மாற்றத்தால் நன்மை பெற்ற ஒரே ஆள் காரி வெப். 1999-இல் டூ மொரியே, 2002-இல் பிரிட்டிஷ் ஓப்பன், நடுவில் மற்ற மூன்றும் வென்று, ஐந்து வெவ்வேறு மேஜர்களை வென்றவர் என்ற வினோதமான பெருமை அவருக்குக் கிடைத்தது. எவியான் 1994-இல் தொடங்கியது, பல ஆண்டுகள் பெண்கள் கோல்ஃபிலேயே பரிசு அதிகமான போட்டிகளில் ஒன்று. 2013-இல் எல்.பி.ஜி.ஏ. அதை ஐந்தாவது மேஜராக ஏற்றுக்கொண்டது. நீண்ட மரபு வேண்டும் என்று அப்போது முகம் சுளித்தவர்கள் டைனா ஷோர் மேஜரான கதையை மறந்துவிட்டார்கள் போலும்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது அமெச்சூர்களை, அதாவது கோல்ஃபைத் தொழிலாக ஆடாதவர்களை, விட்டுவிடக் கூடாது. அவர்கள் எந்த இடத்தில் வந்தாலும் பரிசுப் பணம் கிடையாது. 1967-இல் கேத்தரின் லாகோஸ்ட் யூ.எஸ். ஓப்பன் பட்டத்தையே வென்றும் ஒரு காசு வாங்க முடியவில்லை. இன்று வரை அதை வென்ற ஒரே அமெச்சூர் அவர். 1998-இல் பிளாக்வுல்ஃப் ரன் மைதானத்தில் சே ரி பாக், ஜென்னி சுவாசிரிபோர்ன் என்ற கல்லூரி மாணவியுடன் சமநிலையை முறிக்க 20 குழிகள் பிளே-ஆஃப் ஆட வேண்டியிருந்தது. அதில் பதினெட்டாவது குழியில் பந்து நீர்க்கரையில் மாட்டிக்கொள்ள, பாக் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி அடித்தார். தென்கொரியாவில் ஒரு தலைமுறைச் சிறுமிகளை கோல்ஃபுக்கு இழுத்த காட்சி அது. பாக்குக்கு 2,67,500 டாலர், அவரை விடாமல் துரத்திய மாணவிக்கு வெள்ளிப் பதக்கம். 2017-இல் சோய் ஹே ஜின் அமெச்சூராக இரண்டாம் இடம் பிடித்து விட்டுக்கொடுத்த தொகை 5,40,000 டாலர்.

அந்த 2017-இல்தான் யூ.எஸ். ஓப்பன் 50 லட்சம் டாலரைத் தொட்டது. வெற்றியாளருக்குப் பத்து லட்சம் என்ற எல்லையை 2019-இல் லீ ஜியோங் யுன் தொட்டார். உண்மையான பாய்ச்சல் 2022-இல். யூ.எஸ். ஓப்பன் 55 லட்சத்தில் இருந்து ஒரே தாவலில் ஒரு கோடி. விமன்ஸ் பி.ஜி.ஏ. 45 லட்சத்தில் இருந்து 90 லட்சம். ஏ.ஐ.ஜி. விமன்ஸ் ஓப்பனும் 58-இல் இருந்து 73 லட்சத்துக்கு ஏறியது. அது நடந்தது முயர்ஃபீல்டில். பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 2017-இல்தான் முடிவெடுத்த கிளப்பில், இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் பிளே-ஆஃபில் ஆஷ்லி புகாய் வென்றார்.

தலைப்புச் செய்தியில் வரும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், பங்கீட்டையும் பாருங்கள். 2025-இல் யூ.எஸ். ஓப்பனும் விமன்ஸ் பி.ஜி.ஏ.வும் ஆளுக்கு 1.2 கோடி. ஆனால் யூ.எஸ். ஓப்பன் வென்ற மாயா ஸ்டார்க்குக்கு 24 லட்சம், பி.ஜி.ஏ. வென்ற மின்ஜி லீக்கு 18 லட்சம். ஒன்று முதலிடத்துக்கு 20 சதவீதம் ஒதுக்குகிறது, மற்றது 15 சதவீதம் ஒதுக்கி மிச்சத்தைக் கீழே உள்ளவர்களுக்குப் பரப்புகிறது. எனக்குப் பின்னதே பிடிக்கும். விமானம், தங்குமிடம், மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளரான கேடியின் வாரச் சம்பளம் எல்லாம் ஆட்டக்காரரின் கைக்காசு. முதல் இரண்டு நாள் முடிவில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் கட் கோட்டைத் தாண்டாமல் போனால் பெரும்பாலான போட்டிகளில் வருமானம் எதுவும் இல்லை. நாற்பதாவது இடத்துக்கு வரும் தொகைதான் ஒருவர் இந்தத் தொழிலில் அடுத்த ஆண்டும் இருப்பாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

இனி கடைசிக் கேள்வி. 2025-இல் ஆண்களின் நான்கு மேஜர்களுக்குச் சேர்த்து 7.85 கோடி டாலர், பெண்களின் ஐந்துக்குச் சேர்த்து 4.975 கோடி. ஒரு போட்டிக்கு என்று பார்த்தால் ஏறக்குறைய பாதி. டென்னிஸ் கிராண்ட்ஸ்லாம்களில் ஆண்களும் பெண்களும் ஒரே டிக்கெட்டில், ஒரே வளாகத்தில் ஆடுகிறார்கள், பரிசைப் பிரித்துக் காட்டுவது கடினம். கோல்ஃபில் போட்டிகள் தனித்தனி, தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் மதிப்பும் தனித்தனி. எனவே அண்மையில் சமமாகும் என்று நான் நம்பவில்லை. இடைவெளி எங்கே குறையும் என்று கேட்டால், இரண்டு பக்கப் போட்டிகளையும் ஒரே அமைப்பு நடத்தும் இடங்களில் என்பேன். இரண்டு யூ.எஸ். ஓப்பன்களையும் நடத்தும் யூ.எஸ்.ஜி.ஏ.வின் வருமானத்தில் பெரும்பங்கு ஆண்கள் ஓப்பனில் இருந்து வருகிறது, அதில் இருந்து எடுத்துப் பெண்கள் ஓப்பனுக்குப் போட அதற்கு முடியும். செவ்ரான், எவியான் போன்றவை அந்தந்த ஸ்பான்சரின் மனநிலையை நம்பி நிற்கின்றன. அந்த மனநிலை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு டூ மொரியே சாட்சி.

பெண்கள் கோல்ஃபின் மிகப் பெரிய காசோலையைத் தேடினால் இந்த ஐந்தில் எதிலும் கிடைக்காது. பருவத்தின் கடைசியில் வரும் சி.எம்.இ. குரூப் டூர் சாம்பியன்ஷிப் 2024 முதல் வெற்றியாளருக்கு 40 லட்சம் டாலர் கொடுக்கிறது. அது மேஜர் இல்லை, இதுவரை.