12 வோல்ட் ஹலோஜன் விளக்குகள் மினுங்குகின்றன, பல்ப் மாற்றியும் சரிவரவில்லை. பிழை எங்கே இருக்கும்?

மூன்றாவது பல்பும் போய்விட்டது என்றும், சீலிங்கை உடைத்து வயர் முழுவதையும் புதிதாக இழுக்க வேண்டும் என்று வயரிங்காரர் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உடைக்க விடாதீர்கள். முதலில் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த வயரிங்காரர் ஒருவரும் இதையேதான் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல என் அப்பா ஏணியைப் பிடித்தபடி ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார். அந்த வயர்களை இழுத்தவர் அப்பாதான்.

நாங்கள் இலங்கையில் வன்னிப் பகுதி, ஒட்டுசுட்டான் பக்கம். 1990களில் வன்னியில் மின்சாரம் என்பதே இல்லை. நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்க வைத்தவர் அப்பா. டைனமோ ஓடியும் வானொலி பேசாவிட்டால், "தொடுப்பைப் பார், பிள்ளை" என்பார். பார்த்தால் பெரும்பாலும் வயர் தொடுக்கும் முனையில் கறள் (துரு) ஏறியிருக்கும்.

புதுவீடு கட்டியபோது லண்டன் சித்தப்பா ஆறு ஹலோஜன் விளக்குகளும், 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும், செம்புக் கம்பி சுற்றிய கனமான ஒரு ட்ரான்ஸ்ஃபோமரும் கொண்டுவந்தார். அங்கும் 230 வோல்ட் என்பதால் அப்படியே பொருத்தலாம். ஹோலில் நான்கு, விறாந்தையின் கடைசியில் இரண்டு, ஒவ்வொன்றும் 50 வாட்ஸ். ட்ரான்ஸ்ஃபோமரைச் சாமியறை அலுமாரிக்கு மேல் வைத்தார்கள். சில மாதங்களிலேயே விறாந்தை விளக்குகள் மங்கத் தொடங்கின. அதில் ஒன்று மினுங்கி மினுங்கி, போட்ட பல்பையெல்லாம் தின்றது. வந்த வயரிங்காரர் வோல்ட் அளக்கும் மீட்டரையே வெளியே எடுக்காமல் முதலில் ட்ரான்ஸ்ஃபோமர் பழுது என்றார், பிறகு வயரிங் முழுவதும் பிழை என்றார்.

அவர் போன பிறகு மெயின் சுவிட்சை நிறுத்தி, பல்ப் ஆறும்வரை காத்திருந்து நானே ஏறினேன். மினுங்கும் பல்பைக் கழற்றிப் பக்கத்து ஹோல்டரில் போட்டேன். மீண்டும் மின்சாரம் கொடுத்ததும் மினுங்காமல் எரிந்தது. ஆகவே குற்றம் பல்பில் இல்லை. மறுபடி நிறுத்திவிட்டுப் பழைய ஹோல்டரை வெளியே இழுத்தேன். பீங்கான் உடலில் இரண்டு துளைகளைச் சுற்றியும் கறுப்பு வளையம். உள்ளே இருந்த பித்தளைப் பிடி நீலம் பாய்ந்து விரிந்து, பல்பின் ஊசியைக் கவ்வாமல் கிடந்தது. வயரின் உறை விரல் பட்டதும் பொரித்த அப்பளம்போல உதிர்ந்தது.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். 50 வாட்ஸ் பல்ப் 230 வோல்ட்டில் கால் அம்பியர்கூட இழுக்காது. அதே 50 வாட்ஸை 12 வோல்ட்டில் கொடுக்க 4 அம்பியருக்கு மேல் வேண்டும். ஆறு பல்புக்கு 25 அம்பியர். அவ்வளவு மின்னோட்டம் ஒரு தளர்ந்த பிடி வழியாகப் போனால் அந்த இடம் கொதிக்கும், கொதிப்பில் பிடி இன்னும் தளரும், பல்பின் அடிப்பகுதியும் சூடேறிச் சாகும். எரிந்த ஹோல்டரில் புதுப் பல்ப் போடுவது காசைக் கரியாக்குவதுதான். ஹோல்டரையும் கருகிய வயர் துண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மங்கலுக்குக் காரணம் வேறு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எல்லா விளக்கும் எரியும்போது ட்ரான்ஸ்ஃபோமர் வாயில் 11.7 வோல்ட் இருந்தது, விறாந்தையின் கடைசி ஹோல்டரில் 8 வோல்ட் சொச்சம்தான். இடையில் 12 மீட்டர் நீளத்துக்கு 1/1.13 வயர், அதாவது 1.13 மில்லிமீட்டர் தடிப்பான ஒற்றைக் கம்பி. 230 வோல்ட் விளக்குகளுக்கு அது தாராளமாகப் போதும், 12 வோல்ட்டுக்குப் போதாது. அப்பா மீட்டரைப் பார்த்துவிட்டு, "நீளம் கூடிவிட்டது" என்றார். ட்ரான்ஸ்ஃபோமரை விறாந்தைக்குக் கிட்டக் கொண்டுவந்து, 12 வோல்ட் பக்கத்தைக் குறுக்கி, தடித்த வயர் போட்டோம். சீலிங்கில் ஒரு ஓட்டைகூடப் புதிதாகப் போடவில்லை. அப்பா போட்ட தொடுப்புகளில் ஒன்றுகூடத் தளர்ந்திருக்கவில்லை என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

உங்களுடையது கையடக்கமான எலெக்ட்ரானிக் ட்ரான்ஸ்ஃபோமர் என்றால் சாதாரண மீட்டரை நம்பாதீர்கள். அதிலிருந்து வருவது மிக வேகமாக மாறும் மின்சாரம், மலிவு மீட்டர் அதைப் பிழையாகக் காட்டும். நன்றாக இருக்கும் பெட்டியைப் பழுது என்று எறிந்துவிடுவீர்கள். நிச்சயமாக எரியும் விளக்கின் ட்ரான்ஸ்ஃபோமரை இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. எங்களுடையதைப் போன்ற கனமான வகையில் ஒரு பல்ப் போனால் மிஞ்சியவற்றுக்கு வோல்ட் சற்று ஏறும். 5 சதவீதம் ஏறினாலே ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். போன பல்பை நாட்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

"இந்தக் காலத்தில் ஹலோஜனா, எல்இடி போடு" என்று சிலர் கீழே எழுதுவார்கள். நானும் மாறத்தான் போகிறேன். ஆனால் எலெக்ட்ரானிக் ட்ரான்ஸ்ஃபோமர் பல 20 வாட்ஸுக்குக் குறைந்த சுமையில் ஒழுங்காக ஓடாது. 5 வாட்ஸ் எல்இடி ஒன்றைப் போட்டால் அதுவும் மினுங்கும், எல்இடி மோசம் என்பீர்கள். தளர்ந்த ஹோல்டரில் எல்இடியும் மினுங்கும். வயரிங் தொழில் செய்வோர் எல்லாரையும் குறை சொல்கிறேன் என்றும் எடுக்க வேண்டாம். அளந்து பார்க்காமல் தீர்ப்புச் சொன்ன ஒருவரைப் பற்றியே பேசுகிறேன்.

இன்னொன்று. 12 வோல்ட் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். கண்ணாடிக் கிண்ண வடிவ ஹலோஜன் பல்ப் பலவும் சூட்டைப் பின்பக்கமாக, சீலிங்குக்குள்தான் அனுப்புகின்றன. எங்கள் ஹோல் விளக்கு ஒன்றுக்கு ஒரு சாண் தள்ளி அணில் தும்பும் பஞ்சும் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. அதைக் கண்டபோது எனக்குக் கை நடுங்கியது.

வீட்டுக்குள் இருப்பதை நாமே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஒழுங்கை முகப்பில் தெருவிளக்கு அணைந்து எட்டு மாதம். யானை வரும் பாதை அது. பிள்ளைகள் மாலை வகுப்பு முடிந்து அந்த இருட்டில்தான் வருகிறார்கள். இரண்டு முறை எழுத்தில் கொடுத்தும் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. அந்தக் கம்பத்திலும் பெரும்பாலும் ஒரு தொடுப்புத்தான் விட்டிருக்கும். ஏற எங்களுக்கு அனுமதி இல்லை.

உங்கள் ஹோல்டரைக் கழற்றியதும் துளைகள் தெரியும்படி ஒரு படம் போடுங்கள். அப்பாவிடம் காட்டிவிட்டுப் பதில் எழுதுகிறேன்.