பின்-அப் மாடலிங் என்றால் என்ன? அதன் சாயல் இன்றும் ஏன் தெரிகிறது?

சுவரில் குண்டூசியால் குத்தி மாட்டுவதற்கென்றே அச்சான பெண் படங்கள்தான் பின்-அப். பெயரே அந்த ஊசியிலிருந்து வந்ததுதான். 1940, 50களின் அமெரிக்காவில் இது உச்சத்தில் இருந்தது.

காரணம், மலிவான வண்ண அச்சும் இரண்டாம் உலகப் போரும். நீச்சலுடையில் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கும் ஹாலிவுட் நடிகை பெட்டி கிரேபிளின் 1943 படம் சிப்பாய்களின் பெட்டிகளில் பயணித்தது; குண்டுவீச்சு விமானங்களின் மூக்கிலும் இப்படிப்பட்ட பெண்களைத் தீட்டினார்கள்.

மளிகைக் கடை தரும் சிவகாசி காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள்: கண்ணை இழுக்கும் படம், அதோடு கடைப் பெயர். பிரவுன் அண்ட் பிகலோ நிறுவனம் அமெரிக்காவில் செய்ததும் இதே வியாபாரம்தான். அதற்கு வரைந்த கில் எல்வ்கிரென் முதலில் மாடலைப் போட்டோ எடுப்பார். பிறகு 30க்கு 24 அங்குலக் கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டும்போது அவள் கால்களை நீளமாக்குவார், இடையைச் சுருக்குவார். இன்று அதே போஸில் படமெடுப்பவர்களுக்கு 'அந்த மாதிரி வரவில்லையே' என்று தோன்றுவது இதனால்தான்; அந்த உடல் தூரிகையில் பிறந்தது.

1950களின் பின்-அப் மாடல் பெட்டி பேஜின் நெற்றிமுடியைப் பாருங்கள். உயர்ந்த நெற்றியை மறைக்க வெட்டியது, இன்று சலூனில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்கும் ஸ்டைல். இறக்கை போல இழுத்த ஐலைனர், சிவப்பு லிப்ஸ்டிக் எல்லாம் கூடவே வந்தவை.

பின்-அப் என்றாலே ஆண்கள் வரைந்த நிர்வாணப் படம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் உடை உண்டு, ஸோயி மோசர்ட் என்ற பெண் ஓவியரோ கண்ணாடியில் தன்னையே மாடலாகப் பார்த்து வரைந்தார்.