பேக்டெஸ்டில் ஆண்டுக்கு 22% காட்டுகிறது. 5 லட்சத்தை இறக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. ஈரோட்டில் தனியார் நிறுவன வேலை. ஒரு ஸ்விங் டிரேடிங் (பங்கை வாங்கிச் சில நாட்கள் அல்லது வாரங்களில் விற்கும்) விதியைப் பழைய விலைகளை வைத்து எக்செலில் சோதித்துப் பார்த்தேன் (பேக்டெஸ்ட்). பங்கு அதன் 200 நாள் மூவிங் ஆவரேஜுக்கு (கடந்த 200 நாள் விலைகளின் சராசரி) மேல் இருக்க வேண்டும். 14 நாள் ஆர்எஸ்ஐ (விலை ஏற்ற இறக்கத்தின் வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் எண்) 40க்குக் கீழே இறங்கி, மறுபடி 40க்கு மேல் ஏறும் நாளில் அன்றைய குளோஸிங் விலையில் வாங்குவேன். ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை நிறுத்த விற்றுவிடும் விலை), வாங்கிய விலைக்கு 2 ஏடிஆர் (பங்கின் சராசரி ஒரு நாள் விலை அசைவு) கீழே. ஆர்எஸ்ஐ 60ஐத் தொட்டாலோ, 15 வர்த்தக நாட்கள் கடந்தாலோ விற்றுவிடுவேன். நிஃப்டி 50ல் (தேசிய பங்குச் சந்தையான என்எஸ்இயின் 50 பெரிய பங்குகள் கொண்ட குறியீடு) எனக்குப் பழக்கமான 20 பங்குகளை, ஏப்ரல் 2020 முதல் மார்ச் 2025 வரை சோதித்தேன். 140 வர்த்தகங்களில் 77 லாபம், 63 நஷ்டம். சராசரி லாபம் 4.2%, சராசரி நஷ்டம் 3.4%. எல்லாவற்றையும் கூட்டினால் 109%, அதாவது ஆண்டுக்கு 22%. சேமிப்பில் உள்ள 5 லட்சம் ரூபாயை ஐந்து பாகமாகப் பிரித்து இந்த விதிப்படி இறங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விதியைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். வாங்குவது, விற்பது, ஸ்டாப்லாஸ் மூன்றுக்கும் எண் இருக்கிறது. பலர் இந்த அளவுக்குக்கூட வருவதில்லை. ஆனால் அந்த 22% உங்கள் கைக்கு வரப்போகும் 22% இல்லை. கணக்கை முதலில் பார்ப்போம்.

109% என்பது ஒவ்வொரு வர்த்தகத்தின் சதவீதத்தையும் அப்படியே கூட்டி வந்தது. ஆனால் ஒரு வர்த்தகத்தில் நீங்கள் போடப்போவது 5 லட்சம் அல்ல, அதில் ஐந்தில் ஒரு பாகமான 1 லட்சம். 1 லட்சத்தின் மேல் 109.2% என்றால் 1,09,200 ரூபாய். மொத்த முதலான 5 லட்சத்தோடு ஒப்பிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து 21.8%தான், ஆண்டுக்கு 4%. ஒவ்வொரு நாள் முடிவிலும் ரொக்கம் எவ்வளவு, பங்குகளின் மதிப்பு எவ்வளவு, இரண்டும் சேர்ந்து எவ்வளவு என்று ஒரு பத்தியில் போட்டு வந்தால் இந்தத் தவறு நேராது. அந்தப் பத்திதான் உங்கள் போர்ட்ஃபோலியோவின் உண்மையான வரைபடம். வர்த்தக வாரியான சதவீதங்களை வைத்து ஆண்டு வருமானம் சொல்லவே கூடாது.

அடுத்து செலவு. டெலிவரியில் (அன்றே விற்காமல் பங்கை டீமேட் கணக்கில் எடுத்து வைக்கும் முறை) 1 லட்சத்துக்கு வாங்கி ஏறக்குறைய அதே விலையில் விற்றால், எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) இரு பக்கமும் 0.1% வீதம் 200 ரூபாய். வாங்கும்போது முத்திரைத்தாள் கட்டணம் 0.015%, அதாவது 15 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம், செபி கட்டணம், ஜிஎஸ்டி சேர்ந்து 7 ரூபாய்க்குச் சற்று மேல். விற்கும்போது டீமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியேற டிபி கட்டணம் பதினைந்து இருபது ரூபாய். புரோக்கரேஜ் பூஜ்யம் என்றே வைத்தாலும் 240 ரூபாய் ஆகிவிடும். இதோடு ஸ்லிப்பேஜ், அதாவது நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம். பெரிய பங்குகளில் ஒரு பக்கத்துக்கு 0.1% என்று வைப்பது நியாயமான கணிப்பு. அது இன்னொரு 200. ஆக ஒரு வர்த்தகத்துக்கு 440 ரூபாய், 0.44%. 140 வர்த்தகத்துக்கு 61,600 ரூபாய். 1,09,200ல் இதைக் கழித்தால் மிஞ்சுவது 47,600. ஐந்து ஆண்டுகளில் 9.5%, வருடத்துக்கு 2%கூட இல்லை. குறுகிய கால மூலதன ஆதாய வரி 20%, அதன் மேல் 4% செஸ் இனிமேல்தான் கழிய வேண்டும். உங்கள் புரோக்கர் டெலிவரிக்கு ஒரு பக்கம் 0.3% வாங்குபவராக இருந்தால் இந்த விதி நேரடியாக நஷ்டத்துக்குப் போய்விடும்.

ஒப்பீட்டையும் சொல்ல வேண்டும். நிஃப்டி 50 குறியீடு 2020 மார்ச் 31 அன்று 8,598ல் இருந்தது. 2025 மார்ச் 28 அன்று 23,519. ஈவுத்தொகையைச் சேர்க்காமலே ஆண்டுக்கு 22% கூட்டு வளர்ச்சி. கொரோனா சரிவின் அடிமட்டத்துக்கு ஒரு வாரம் கழித்து உங்கள் சோதனை தொடங்குகிறது. அங்கிருந்து புறப்பட்டால் எந்த வாங்கும் விதியும் நன்றாகத்தான் தெரியும். 2018ல் மிட்கேப், ஸ்மால்கேப் (நடுத்தர, சிறு நிறுவன) பங்குகள் கரைந்த காலமும், 2020 பிப்ரவரி, மார்ச்சும் உள்ளே வராத சோதனையை நம்பி முழுத் தொகையைக் கொடுக்க முடியாது. குறைந்தது 2012லிருந்து தரவு எடுங்கள்.

இப்போது பங்குப் பட்டியல். என் பார்வையில் உங்கள் சோதனையின் பெரிய ஓட்டை இதுதான். ‘பழக்கமான 20 பங்குகள்’ என்பவை இன்றைக்கு உங்களுக்குப் பழக்கமானவை. அவை பழக்கமானதே கடந்த ஐந்து ஆண்டுகளில் நன்றாக ஏறியதால்தான். டிரெண்ட், பாரத் எலக்ட்ரானிக்ஸ் இரண்டும் நிஃப்டி 50க்குள் வந்தது 2024 செப்டம்பர் இறுதியில். பல மடங்கு ஏறிய பிறகே வந்தன. இன்றைய பட்டியலை வைத்து 2020லிருந்து சோதித்தால், அந்த ஏற்றம் முழுவதும் இலவசமாக உங்கள் கணக்கில் சேரும். மறுபக்கம், 2020 மார்ச் வரை நிஃப்டி 50ல் இருந்த யெஸ் பேங்க் உங்கள் எக்செலில் இருக்காது. 2025 மார்ச் 11 அன்று ஒரே நாளில் 27% விழுந்த இண்டஸ்இண்ட் பேங்க் அப்போது நிஃப்டி 50ல் இருந்தது. செப்டம்பர் இறுதியில் வெளியேறியது. உங்கள் 200 நாள் விதி அந்த நாளில் உங்களைக் காப்பாற்றியிருக்கும், ஏனென்றால் அந்தப் பங்கு அதற்குப் பல மாதங்கள் முன்பே சராசரிக்குக் கீழே போய்விட்டது. ஆனால் ‘காப்பாற்றியிருக்கும்’ என்பதைச் சோதனைதான் காட்ட வேண்டும். விழுந்த பங்குகளே இல்லாத பட்டியலில் அது தெரியாது.

சரியான வழி: ஒவ்வொரு தேதியிலும் அன்றைக்குக் குறியீட்டில் இருந்த பங்குகளை மட்டும் தகுதியானவையாக எடுப்பது. பட்டியல் மாற்றங்கள் வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை, மார்ச், செப்டம்பர் இறுதிகளில் அமலுக்கு வரும். இணைப்பு, பிரிப்பு போன்ற காரணங்களால் இடையிலும் சில மாற்றங்கள் நடக்கும். என்எஸ்இ அறிவிப்புகளிலிருந்து பங்கு, சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி என்று மூன்று பத்திகள் கொண்ட ஒரு தாள் தயாரியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது. செய்யும்போது நிஃப்டி 50ஐ விட்டு நிஃப்டி 200க்கு விரியுங்கள். காரணம் இருக்கிறது. ஆண்டுக்கு 28 வர்த்தகம், ஒவ்வொன்றும் சராசரியாக 10 நாள் என்று கொண்டால், உங்கள் ஐந்து இடங்களில் (1 லட்சம் வீதமான ஐந்து பாகங்களில்) கால்வாசிகூட நிரம்பாது. பணம் பெரும்பாலும் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் தொகைக்கு லிக்விட் ஃபண்ட் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் பரஸ்பர நிதி) வருமானத்தைச் சோதனையில் சேர்ப்பதும் நியாயமே.

பட்டியல் பெரிதானதும் வேறொரு கேள்வி முளைக்கும். சந்தை சரிந்து மீளும் வாரத்தில் ஒரே நாளில் 15 பங்குகள் சிக்னல் தரும். உங்களிடம் இருப்பது இரண்டு இடம்தான். எதை வாங்குவீர்கள்? இதற்கும் முன்கூட்டியே விதி வேண்டும். உதாரணமாக, கடந்த ஆறு மாத ஏற்றம் அதிகமுள்ளதற்கு முதலிடம். விதி இல்லாவிட்டால் சோதனையில் நல்ல பங்குகள் ‘தேர்வாகி’, நிஜத்தில் வேறு ஏதோ வாங்கப்படும்.

எந்த விலையில் வாங்கியதாகக் கணக்கு வைக்கிறீர்கள் என்பதையும் திருத்துங்கள். அன்றைய குளோஸ் தெரிந்தால்தான் அன்றைய ஆர்எஸ்ஐ தெரியும். அது தெரிவதற்குள் வழக்கமான சந்தை நேரம் முடிந்திருக்கும். அது மட்டுமல்ல, நீங்கள் இறக்கிய பழைய தரவில் உள்ள என்எஸ்இ குளோஸ் என்பது கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை அல்ல. 3 மணி முதல் 3.30 வரை நடந்த வர்த்தகங்களின் எடையிட்ட சராசரி. ஆகவே சிக்னல் வந்த மறுநாள் ஓப்பன் விலையில் வாங்கியதாகக் கணக்கு போடுங்கள். எக்செலில் ஒரு வரிசை கீழே தள்ளினால் போதும். முடிவு கணிசமாக மாறினால், நீங்கள் கண்ட லாபத்தின் ஒரு பகுதி அந்த இரவு இடைவெளியில் இருந்தது என்று பொருள். அது உங்களுக்குக் கிடைக்காது.

ஸ்டாப்லாஸிலும் இதே கவனம் தேவை. 2024 ஜனவரி 16 மாலை காலாண்டு முடிவு வந்தது; மறுநாள் எச்டிஎஃப்சி பேங்க் 8%க்கு மேல் விழுந்தது. அதுபோன்ற கேப்-டவுனில் (முந்தைய நாள் விலையை விட மிகக் கீழே பங்கு திறப்பது) 3% கீழே வைத்த ஸ்டாப்லாஸ் அந்த விலையில் நிறைவேறாது. விதி இப்படி இருக்கட்டும்: ஓப்பன் விலையே ஸ்டாப்லாஸுக்குக் கீழே இருந்தால், வெளியேறும் விலை ஓப்பன். உங்கள் தாளில் ஸ்டாப்லாஸ் அடித்த எல்லா வர்த்தகங்களிலும் நஷ்டம் துல்லியமாக 2 ஏடிஆர் என்று இருந்தால், இந்தத் தவறு நடந்திருக்கிறது. நிஜத்தில் ஜிடிடி ஆர்டர் (குறித்த விலை வரும்வரை புரோக்கரிடம் காத்திருக்கும் ஆர்டர்) வைக்கும்போது, பல புரோக்கர்களிடம் அது டிரிகர் ஆனதும் லிமிட் ஆர்டராகத்தான் (குறித்த விலைக்குக் குறைவாக விற்காத ஆர்டர்) போகும். கேப்-டவுனில் லிமிட் விலைக்குக் கீழே சந்தை ஓடிவிட்டால் பங்கு உங்களிடமே தங்கிவிடும், காலை 9.15க்குப் பார்த்தாக வேண்டும். முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே விற்பது என்ற கூடுதல் விதியையும் தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

தரவைப் பற்றிச் சுருக்கமாக. என்எஸ்இயின் தினசரி பவ்காப்பியில் (அன்றைய விலைகள் கொண்ட கோப்பு) போனஸ் (இலவசக் கூடுதல் பங்கு), ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) சரிசெய்யப்பட்டிருக்காது. ரிலையன்ஸ் 2024 அக்டோபர் 28 அன்று 1:1 போனஸுக்குப் பாதி விலையானதை உங்கள் தாள் 50% சரிவு என்று எடுத்துக்கொள்ளும். ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்த 2023 ஜூலை 20 போன்ற டீமெர்ஜர்களைத் தரவு விற்பவர்கள் ஆளுக்கொரு விதமாகக் கையாளுகிறார்கள். ஒரே நாளில் 15%க்கு மேல் நகர்ந்த எல்லா வரிசைகளையும் வடிகட்டி, ஒவ்வொன்றையும் கையால் சரிபாருங்கள். ஆர்எஸ்ஐயிலும் ஒரு பொறி உண்டு: வெல்ஸ் வைல்டர் 1978ல் தந்த முறையில் முந்தைய சராசரி தொடர்ந்து கலந்துகொண்டே வரும். 14 நாள் சாதாரண சராசரி போட்டால் வேறு எண் வரும். முதல் சிக்னலுக்கு முன் 150 நாள் தரவாவது ஊட்டி, நான்கைந்து தேதிகளில் உங்கள் எண்ணை சார்ட்டோடு ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, வெற்றி விகிதத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பாருங்கள். 140ல் 77 என்பது 55%. இந்த அளவு மாதிரியில் உண்மை விகிதம் ஏறக்குறைய 47 முதல் 63 வரை எங்கும் இருக்கலாம். செலவு கழித்தால் உங்கள் சராசரி லாபம் 3.76%, நஷ்டம் 3.84%, கையைக் கடிக்காமல் இருக்கவே 50.5% வெற்றி வேண்டும். அந்தக் கோடு உங்கள் வரம்புக்குள்ளேயே இருக்கிறது. மேலும், சந்தையோடு சேர்ந்தே எல்லாப் பங்குகளும் இறங்குவதால் 140ஐயும் தனித்தனிச் சோதனைகளாக எண்ண முடியாது.

14, 40, 2 என்ற எண்களுக்கு எப்படி வந்தீர்கள் என்று எழுதவில்லை. பலவற்றை மாற்றிப் பார்த்து நல்லதை எடுத்திருந்தால், அதுவே ஆபத்து. 2012 முதல் 2018 வரையிலான தரவில் மட்டும் எண்களைத் தீர்மானியுங்கள். ஆர்எஸ்ஐ நாட்கள் 10, 12, 14, 16, 18, எல்லை 35, 40, 45, ஏடிஆர் 1.5, 2, 2.5 என 45 சேர்க்கைகளையும் ஓட்டுங்கள். முதலிடத்தைப் பார்க்காதீர்கள்; லாப வரிசையில் நடுவில் உள்ள சேர்க்கை செலவு போக லாபம் தருகிறதா என்று பாருங்கள். 14, 40 மட்டும் ஜொலித்து, 12ம் 16ம் நஷ்டம் என்றால் அது தற்செயல். தேர்ந்த பிறகு 2019 முதல் 2025 வரை ஒரே ஒருமுறை ஓட்டுங்கள். அங்கே தோற்ற பிறகு எண்ணைத் திருத்தி மறுபடி ஓட்டினால், அந்தத் தரவின் பயன் தீர்ந்துவிட்டது.

என்னிடம் வரும் எல்லோரையும் நான் வற்புறுத்திச் செய்யவைக்கும் சோதனை ஒன்று உண்டு. 200 நாள் சராசரிக்கு மேல் உள்ள பங்குகளில், ஆர்எஸ்ஐயைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு நாளில் வாங்கி, உங்கள் அதே வெளியேறும் விதிகளில் விற்பது. வர்த்தக எண்ணிக்கையும் அதேதான். இதைக் கணினியில் 1,000 முறை ஓட்டுங்கள். எக்செல் திணறும், பைத்தானில் சிறு நிரல் போதும். உங்கள் விதி அந்த ஆயிரத்தில் முதல் 50க்குள் வராவிட்டால், லாபம் தந்தது ஏறுமுகச் சந்தைதான், ஆர்எஸ்ஐ அல்ல. அப்படியானால் இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டி போன்ற குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதி) போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். செலவும் குறைவு, வரியும் குறைவு.

எல்லாவற்றையும் தாண்டி விதி நின்றால், 5 லட்சத்தில் 50,000 மட்டும் இறக்குங்கள், ஒரு வர்த்தகத்துக்கு 10,000 வீதம். எஸ்டிடி விகிதம் மாறாது, ஆனால் டிபி கட்டணம் மட்டுமே 0.15 முதல் 0.2% ஆகிவிடும். இந்தக் கட்டத்தில் லாபத்தை அளக்காதீர்கள். சிக்னல் தேதி, திட்டமிட்ட விலை, கிடைத்த விலை, இரண்டுக்குமான வித்தியாசம் சதவீதத்தில், தவறவிட்ட சிக்னல் என்றால் ஏன் என்பதற்கு ஒரு வரி என்று 30 வர்த்தகங்கள் வரை எழுதுங்கள். ஸ்லிப்பேஜ் சராசரி 0.1%ஐத் தாண்டினால் சோதனைக்குத் திரும்பி அந்த எண்ணைப் போட்டு மறுபடி பாருங்கள்.

நிறுத்தும் எல்லையையும் இப்போதே எழுதி வையுங்கள். 45% தோல்வி விகிதத்தில் 140 வர்த்தகங்களுக்குள் ஐந்தாறு தொடர் நஷ்டம் வருவது இயல்பு. எட்டு வருவதற்கே எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால் நான்கு நஷ்டத்தில் பயந்து விதியை மாற்ற வேண்டாம். சோதனையில் கண்ட மிக மோசமான சரிவைப் போல ஒன்றரை மடங்கு முதல் குறைந்தால் நிறுத்துங்கள். அந்த ஆண்டு நஷ்டத்தில் முடிந்தாலும் வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்; செய்தால்தான் அந்த நஷ்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகளின் மூலதன ஆதாயத்தில் கழிக்க முடியும்.